பஞ்சாங்கத்தில் இல்லாத பருவங்கள்

எனக்கு இழுப்பு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு லோங்காங்தான் இருந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற அந்தச் சாக்கடையைச் சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடும். மழைக்கு முந்திய காற்று கூரைத் தகரத்தைத் தட்ட ஆரம்பித்ததும் என் நெஞ்சுக்குள்ளும் ஊதல் ஆரம்பிக்கும். ஓட்டை ஆர்மோனியப் பெட்டியைக் குழந்தை கையில் கொடுத்த மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன். சிரித்தால் இன்னும் இழுக்கும் என்பதால் பாதியில் நிறுத்தியும் இருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். தெங்கேரா பக்கம் போய்வருகிற பஸ்ஸை ஓட்டினார். அந்த மனுஷனுக்குப் பேச்சு என்றால் கசப்பு. "சோறு", "சட்டை", "வர்றேன்" என்ற மூன்று வார்த்தையில் ஒரு நாளை ஓட்டிவிடுவார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். ஒரு வீட்டில் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்!

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். நம் ஆட்கள் வாயில் அதோடு இன்னொரு பேச்சும் இருந்தது. கோப்பிக்கடையிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கேட்டார்கள்: "இருக்கப் போறியா, ஊருக்குப் போகப் போறியா?" என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்குக் கேள்வி வரவில்லை, தீர்ப்புதான் வந்தது.

தீர்ப்புச் சொன்னவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார். வாலிபத்தில் தனியாகக் கப்பலேறி வந்தவர். பிறகு தம்பியையும் வரவழைத்து, வளர்த்து, வண்டி ஓட்டப் பழக்கி, என்னைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவரும் அவர்தான். புக்கிட் பாருவில் வீடு. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அது சாமி வாக்கு. அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் எனக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். வீடு திரும்பியதும் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த ஊரு ஈரம் இவ நெஞ்சுக்கு ஆகலைடா. நம்ம ஊருக்கு அனுப்பிடுவோம். அங்க வறண்ட காத்து. நம்ம அம்மாகூட இருக்கட்டும்" என்றார் தம்பியிடம்.

"பிள்ளை?" என்று நான்தான் கேட்டேன்.

"பச்சப் பிள்ளை கப்பல்ல அலைய வேணாம் தாயி. என் வீட்டுல வளரட்டும். உனக்கு உடம்பு தேறினதும் வந்துடப் போற."

இழுப்புக்காரிக்கு உடம்பு தேறுகிற நாள் எது? அதை எந்த டாக்டரும் சொன்னதில்லை. நம்ம ஊராம், நம்ம ஊரு! நான் பிறந்தது குருபோங்கைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இந்தியாவை நான் கண்டது கடையில் கொடுத்த காலண்டர் படத்தில்தான். பார்க்காத ஊருக்குத் திரும்பிப் போ என்றால் எப்படித் திரும்புவது? என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் மடியில் வைத்திருந்த டிரைவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிப்போம்ணே" என்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. "அடுத்த ஐப்பசி வரைக்கும் பாருங்க பெரிய மச்சான். அந்த மழையிலயும் எனக்கு இழுத்துச்சுன்னா நானே கப்பல் ஏறிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்த பிறகுதான் நான் எதைப் பணயம் வைத்தேன் என்பதே எனக்கு உறைத்தது. குழந்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போயிருந்தது.

இந்த நிலைமையில்தான் யோகா என் வீட்டுக்கு வந்தது. சாமியார் யாரும் வரவில்லை. பஸ் நிலையத்தில் பத்திரிகை விற்கிறவர் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. மெட்ராஸிலிருந்து கப்பலில் வருகிற வாரப் பத்திரிகைகளில் விற்காதவற்றின் அட்டையைக் கிழித்துக் கம்பெனிக் கணக்குக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை இவரிடம் கொடுப்பார். தலையில்லாத அந்தப் பத்திரிகைகளைத்தான் நான் எழுத்து விடாமல் படித்தேன். அதில் ஒரு தொடர், பருவத்துக்கு ஏற்ற யோகாசனம் பற்றி. கறுப்பு நிஜாரில் ஒரு மீசைக்காரர் வளைந்து நெளிந்து நிற்கிற படங்கள். பருவம் மாறுகிற சமயத்தில்தான் உடம்பு தடுமாறுகிறது, சளியும் இழுப்பும் அப்போதுதான் தலைதூக்கும், ஆகையால் பயிற்சியும் பருவத்தோடு மாறவேண்டும் என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இது என்னைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறது!

இன்ன பருவம் இன்ன இரண்டு மாதம் என்று அதிலேயே இருந்தது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. உடம்புக்குச் சூடு ஏற்ற வேண்டும். சித்திரையும் வைகாசியும் இளவேனில்; குளிர்ச்சி தர வேண்டும். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர் சுவரில் தொங்கியது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். இழுப்பு உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்துகிற கும்பகத்தை மட்டும் செய்யவே கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை மட்டும் சாமி சத்தியமாகக் கடைப்பிடித்தேன்.

மார்கழியில் ஆரம்பித்தேன். சேலையைக் கட்டிக்கொண்டு புஜங்காசனம் செய்து பாருங்கள், தெரியும். பாம்பு படமெடுப்பதற்குள் கொசுவம் அவிழ்ந்துவிடும். என் வீட்டுக்காரரின் கைலியை மேலே இழுத்துக் கட்டி, அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். விடிகாலையில் நான் பாயை விரிக்கிறபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பெண்டாட்டி இருப்பாளோ போவாளோ என்று கிடக்கிறாள், இந்த ஆளுக்குத் தூக்கத்தைப் பார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மூச்சுப் பழகினேன். திட்டிக்கொண்டு மூச்சுப் பழகக்கூடாது என்று அந்த மீசைக்காரர் எழுதவில்லையே.

ஒரு நாள் காலையில் சர்வாங்காசனம். கழுத்தைத் தரையில் ஊன்றிக் காலை மேலே தூக்கி நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. லோங்காங்குக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்த வந்தவர், என் இரண்டு கால்கள் மட்டும் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டார். "அலாமாக்!" என்று மலாயில் ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் கையில் திருநீறும் எலுமிச்சம்பழமுமாக ஓடி வந்துவிட்டார். பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார் பாவம். நான் தலைகீழாகவே சிரித்து, சரிந்து, பாயில் விழுந்தேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து இந்த மண்ணிலேயே பெண் எடுத்துக் கலந்துபோனவர்கள். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயா, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் நாலைந்து சொல் வரும். என்னைத் "தங்காச்சி" என்பார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம். அதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். பேய் இல்லை என்று தெரிந்ததும் அவரும் பாயில் உட்கார்ந்து கொண்டார். "இதைச் செய்தால் என் இடுப்பு வலி போகுமா?" என்றார். போகும் என்றேன், எனக்கென்னவோ எல்லாம் தெரிந்த மாதிரி.

மார்கழி கழிந்து தை வந்தது. முன்பனிக்குச் சொன்னபடி வலது மூக்கால் இழுத்து இடது மூக்கால் விடுகிற சூரியபேதனத்தை விடாமல் செய்தேன். ஆனால் வெளியே பனியைக் காணோம். மாதக்கணக்கில் மழையும் இல்லை. கிணறு அடியில் போயிற்று. காய்ந்த லாலான் புல்லுக்கு யாராவது நெருப்பு வைக்க, ஊரெல்லாம் புகை. மாசியில் பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொன்னார்களே, அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர் சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒரு குவளை தேறும். இந்தச் சூட்டில் நான் உடம்புக்கு இன்னும் சூடு ஏற்றிக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது, உதடு வெடித்தது, நீர்க்கடுப்பு வந்து துடித்தேன். "பயிற்சி வேலை செய்யுது" என்று அக்காவிடம் பெருமையடித்தேன். முட்டாள் என்றால் கொம்பா முளைத்திருக்கும்!

இருந்தாலும் அந்த மாதங்களில் எனக்கு இழுப்பு வரவில்லை. யோகாவால்தான் என்று நம்பினேன். அதுவல்ல காரணம், வறண்ட காற்று என் நெஞ்சுக்கு எப்போதுமே கொஞ்சம் நல்லது. இதை அப்போது யோசித்திருந்தால் மூத்தார் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்ற பயமும் வந்திருக்கும். அதனாலேயே நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை போல.

சித்திரை பிறந்தது. காலண்டரில் இளவேனில். பத்திரிகை சொன்னபடி சீதளிக்கு மாறினேன். நாக்கைக் குழலாக மடித்து வாயால் காற்றை உறிஞ்சி, மூக்கால் விடுவது. உள்ளே போகிற காற்று சில்லென்று போகும். வேனில் காலத்துக்கு அமிர்தம் என்று எழுதியிருந்தது. மெட்ராஸ் வேனிலுக்கு அமிர்தம்தான், யார் இல்லையென்றது? எங்கள் சித்திரையில் சுமாத்ரா காற்று அடிக்கும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும். தகரம் பறக்கும், தென்னை வளையும், ஒரு மணி நேரம் ஊரைச் சாட்டையால் அடித்துவிட்டு ஒன்றும் தெரியாத பூனை மாதிரி போய்விடும். அந்த ஈரக் காற்றை, அந்த விடிகாலைக் குளிரை, வாயைத் திறந்து வரவேற்று உறிஞ்சிக்கொண்டிருந்தவள் நான்.

அப்புறம் என்ன? அதுவரை வந்ததிலேயே பெரிய இழுப்பு அப்படி ஒரு விடிகாலையில்தான் வந்தது. பாயிலேயே முடங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்று யாரோ ஒருவருடைய காரை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூத்தார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஐப்பசி வரைக்கும்னு சொன்னோம், பொறுக்குறேன். ஆனா தாயி, இந்தக் குரங்கு வித்தையெல்லாம் வேணாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் இரக்கமாகச் சொன்னது ஊசியாகக் குத்தியது.

வீட்டுக்கு வந்து பத்திரிகைகளை எல்லாம் சுருட்டி அடுப்பங்கரையில் போட்டேன். எரிக்க மனசு வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பாயை விரிக்கவே இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு குழந்தையைப் பார்த்தேன். அவள் பல் துலக்க அடம் பிடித்தால்கூட எனக்கு அழுகை வந்தது. இதைக்கூட இன்னொருத்தி வீட்டில் போய்த்தானே செய்யப் போகிறாள் என்று தோன்றும். அவள் தலைமயிர் வாசனை எனக்கு மறந்துபோகுமோ என்று பயந்து, தூங்குகிறபோது மோந்து மோந்து பார்ப்பேன்.

ஆனி முடியும் சமயம். ஊரெல்லாம் டுரியான் பழ வாசனை. அக்கா லோங்காங்கைத் தாண்டி வந்து, "தங்காச்சி, வீட்டுக்கு வா. இன்றைக்குப் பழப் படையல்" என்றார். அவர்கள் அதைப் பார்ச்சு என்பார்கள். செத்துப்போன முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பது. பொங்கல் சமயத்தில் ஒரு படையல் வைப்பது எனக்குத் தெரியும். பழக்காலத்தில் தனியாக ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாழையிலையில் டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், டுக்கு, சம்படாக் என்று குவித்து வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் டுரியான் வாடையும் கலந்து மூக்கை அடைத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய பெரியவர்களைக் கூப்பிட்டார்.

படையல் முடிந்ததும் கேட்டேன்: "அக்கா, இதுக்கு நாள் எப்படிப் பார்ப்பீங்க? பஞ்சாங்கமா?"

அவருக்குச் சிரிப்பு. "பழம் விழுந்தா பார்ச்சு. இந்த வருஷம் வெயில் நல்லாக் காய்ஞ்சது, மரம் நல்லாப் பூத்தது. அப்புறம் காத்து வந்தது. இப்போ பழம். செத்தவங்களும் இந்த ஊர்க்காரங்கதானே, அவங்களுக்கும் இது ஆசையா இருக்காதா?"

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மங்குஸ்தீனை உடைத்து என் குழந்தை வாயில் வைத்தார். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்திலேயே பால் மரம் சீவி, தோட்டத்திலேயே செத்தவர். டுரியான் என்றால் உயிரை விடுவார். நாங்கள் அவருக்கு வருஷா வருஷம் படைப்பது என்ன? வடை, பாயசம், காலண்டர் பார்த்து அமாவாசை. ஒரு தரமாவது ஒரு சுளை டுரியான் வைத்தோமா? அந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா பதறிப்போய் முதுகைத் தடவினார்.

அழுது முடித்து வீட்டுக்கு வந்தபோது மனசு தெளிந்திருந்தது. மீசைக்காரர் மேல் தப்பில்லை. பருவத்தோடு பயிற்சி மாறவேண்டும் என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எந்தப் பருவம் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பனிக்கும் வேனிலுக்கும் இங்கே உட்கார்ந்துகொண்டு உடம்பை வளைத்திருக்கிறேன். பஞ்சாங்கம் அங்கே, உடம்பு இங்கே. இந்த உடம்பு முதல் மூச்சை இழுத்ததே இந்த ஈரக் காற்றில்தான். அதற்கு முன்பனி தெரியாது. லாலான் புகை தெரியும், சுமாத்ரா தெரியும், டுரியான் சூடு தெரியும், ஐப்பசி அடைமழை தெரியும். அதற்குத் தெரிந்ததை நான் ஒரு நாளாவது கேட்டேனா?

பாயை மறுபடி விரித்தேன். இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன், பிறகு என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். காற்று அடித்த விடிகாலையில் பாய்ப்பக்கம் போகவே மாட்டேன். அது அடித்து ஓய்ந்து, வெயில் வந்து, பலகை காய்ந்த பிறகுதான் பயிற்சி. தையில் என்னைச் சுட்டெரித்த சூரியபேதனம் இந்த ஈரக் காலைகளில் இதமாக இருந்தது. டுரியான் தின்ற மறுநாள் வயிறு கொதித்தால் உட்கார்ந்து முதுகைத் திருப்புகிற ஆசனம் ஒன்றைச் செய்வேன், அப்போது வெயிலும் உச்சியில் இருந்தால் கொஞ்சம் சீதளி. நெஞ்சை விரிக்கிற மச்சாசனத்துக்குத் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டேன். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்காதீர்கள். என் முதுகு கேட்டது, கொடுத்தேன்.

பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. இழுப்பு வருகிறபோது நான் எப்போதும் காற்றை உள்ளே இழுக்கத்தான் தவிப்பேன். உள்ளே இருக்கிறது வெளியே போனால்தானே புதுசு வரும்? வண்டு மாதிரி "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூச்சை நீளமாக வெளியே விடுகிற பிராமரியைப் பழகினேன். விடுவதைப் பழகப் பழக, வாங்குவது தானே வந்தது. குழந்தைக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவளும் பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு முனகுவாள். லோங்காங்குக்கு அந்தப் பக்கம் அக்கா துணி அலசிக்கொண்டே முனகுவார். ஆஸ்பத்திரி மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்; யோகாவால் நோய் ஓடிப்போச்சு என்று அளப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, என் நெஞ்சு சத்தம் போடவில்லை.

ஐப்பசி வந்தது. தீபாவளிக்குச் சில நாள் இருந்தது. விடாத மழை. லோங்காங் நிரம்பி வாசற்படி வரைக்கும் தண்ணீர். பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். மூத்தார் வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பியை வாங்கி, "தையில ஒரு கப்பல் இருக்கு. எதுக்கும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

மழையா, மாவுத் தூசியா, அந்த ஒரு வாக்கியமா, தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஆர்மோனியம் எழுந்துவிட்டது. பாழாய்ப்போனது, வந்துதான் வந்தது, அவர் முன்னாலேயா வரவேண்டும்! சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தோளைத் தளர விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் தொடையை ஒட்டிச் சூடாக ஒரு உடம்பு வந்து உட்கார்ந்தது, குழந்தை. அவளும் முனகினாள். மழைச் சத்தத்துக்குள் எங்கள் இரண்டு பேர் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஊதல் அடங்கி, மூச்சு ஒரு மாதிரி ஓட ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இல்லை. ஆனால் வந்தது வந்ததுதான்.

மூத்தார் கோப்பியைத் தொடவில்லை. முகம் வாடியிருந்தது. "வாக்குக் கொடுத்த தாயி" என்றார். "இந்த மழையிலயும் இழுத்தா ஏறிடுறேன்னு நீதான சொன்ன."

சொன்னவள் நான்தான். என் வாயே எனக்கு எமன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அவ எங்கயும் போகலண்ணே."

வாசற்படியில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார். நனைந்த தொப்பியைக் கழற்றக்கூட இல்லை.

"என்னடா சொல்ற? அவ நல்லதுக்குத்தான..." என்று மூத்தார் ஆரம்பித்தார்.

"தெரியும்ணே. ஆனா அவ மூச்சுச் சத்தம் கேட்டுட்டே தூங்கிப் பழகிட்டேன். அவ மூச்சு பயிற்சி பண்றப்ப நான் சுவத்தைப் பாத்துட்டு அதத்தான் கேட்டுட்டுக் கெடப்பேன். ஆடியிலேர்ந்து சத்தமே இல்லாம தூங்குறா. எனக்குப் பயமா இருக்கு. எந்திரிச்சு எந்திரிச்சு மூக்குல கைய வச்சுப் பாத்துட்டுப் படுக்குறேன். இங்க இருக்குறப்பவே இப்படி. கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டு எங்கண்ணே கைய வச்சுப் பாப்பேன்?"

வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை மனுஷன் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தம்பி அண்ணனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மூத்தார் ஆறிப்போன கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "கோப்பியில சீனி பத்தல தாயி" என்றார். குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார். கப்பல் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

மறுநாள் விடிகாலை. மழை விட்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்தேன். பாய் அசைந்தது. என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நின்றது. டீசல் நாற்றமடிக்கிற விரல். எனக்குக் குறும்பு பொங்கிவிட்டது. இழுப்புக்காரி செய்யவே கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே, அந்தக் கும்பகத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அப்போதுதான் செய்தேன். மூச்சை உள்ளே வாங்கி நிறுத்திக்கொண்டேன்.

விரல் காத்திருந்தது. பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏய்... ஏய்..." என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டி உதடு துடித்ததைப் பார்த்துவிட்டார்.

"விடுடி மூச்சை. விட்டுத் தொலை" என்றார், அழுதுகொண்டே. விட்டேன்.